சிபேப் மாஸ்க் பழக மறுக்கிறதா? தொல்லையைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது என்று சொல்லி, மாஸ்க் வழியாகக் காற்றை அனுப்பும் ஒரு சிபேப் மெஷினையும் மாஸ்க்கையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எந்த பட்டனை அழுத்த வேண்டும், தண்ணீரை எங்கே ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் சொல்லித் தந்துவிடுவார்கள். மூக்கின் மேல் சிலிகான் மூடி, தலையைச் சுற்றிப் பட்டை, இடைவிடாமல் உள்ளே வரும் காற்று, இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நடுராத்திரியில் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர்.

நானும் மாஸ்க் போட்டுத் தூங்குகிறவன்தான். பழக முடியாமல் தவிக்கிறவர்களிடம் கொஞ்சம் தோண்டிக் கேட்டால், "ஒத்துவரவில்லை" என்பதற்குப் பின்னால் பெயர் சொல்லக்கூடிய ஒரு தொல்லை இருப்பது தெரியும். ஒருவருக்குக் கண்ணில் காற்று அடிக்கும். இன்னொருவருக்கு விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறொருவருக்கு மூச்சை வெளியே விடுவதே பெரும் பாடு. மூன்று பேருக்கும் "பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்" என்ற ஒரே பதிலைச் சொன்னால் மூன்று பேருமே மெஷினைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். மன உறுதியால் ஒரு லீக்கை அடைக்க முடியாது. எது தொல்லை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், அப்புறம் அதற்கான தீர்வுக்குப் போக வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: மெஷினின் பிரஷர் அளவு டாக்டர் எழுதித் தரும் மருந்தின் அளவுக்குச் சமம். அதை நீங்களாக மாற்ற வேண்டாம். மற்ற பெரும்பாலானவை உங்கள் கையில்தான் இருக்கின்றன.

முதலில், அந்தக் காற்று என்ன செய்கிறது

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. ஆப்னியா உள்ளவர்களுக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது அல்லது மிகவும் குறுகிவிடுகிறது. அப்படி 10 விநாடியாவது நீடித்தால் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை என்பதுதான் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்று வரும் எண். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை.

மெஷின் அறையில் இருக்கும் சாதாரணக் காற்றைத்தான் லேசான அழுத்தத்தில் அனுப்புகிறது. ஆக்சிஜன் தருகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இல்லை. உங்களுக்குப் பதிலாக மூச்சு விடுவதும் இல்லை. உள்ளே போகும் காற்று தொண்டைச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்தபடி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் (இந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-ல் முதலில் இதை ஒரு நோயாளிக்குச் செய்து பார்த்தார். ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த பலனை 1981-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்தக் காலத்தில் மாஸ்க்கை மூக்கோடு பசை போட்டு ஒட்டினார்கள். இன்றைய மாஸ்க்கைத் திட்டத் தோன்றும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். முட்டு இருக்கும் வரைதான் பாதை திறந்திருக்கும். மாஸ்க்கைக் கழற்றித் தூங்கினால் அன்றைக்கே ஆப்னியா திரும்பி வந்துவிடும். போன வாரம் நன்றாகப் போட்டோமே, இன்று ஒரு நாள் ஓய்வு என்ற கணக்கெல்லாம் இதில் செல்லாது.

படி 1: மூச்சு முட்டிவிடுமோ என்ற பயத்தை விழித்திருக்கும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்

மாஸ்க் போட்ட பலருக்கும் வருகிற முதல் பயம் இது: கரண்ட் போனால் என்ன ஆகும், மூடியபடியே மூச்சுத் திணறிவிட்டால்?

மாஸ்க்கின் முன்பக்கத்தையோ டியூப் சேரும் வளைவையோ கையில் எடுத்துப் பாருங்கள். ஊசி முனை அளவுக்குச் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும், அல்லது மெல்லிய வலை போன்ற ஒரு பகுதி இருக்கும். நீங்கள் வெளியே விடும் மூச்சு அந்த வழியாகத்தான் போகிறது. மெஷின் ஓடும்போது அதன் அருகே உள்ளங்கையை வைத்தால் காற்று வீசுவது தெரியும். அது லீக் இல்லை, அப்படித்தான் வீச வேண்டும். டேப் ஒட்டியோ போர்வையால் மூடியோ அதை அடைத்துவிடாதீர்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் வகையில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. காற்று நின்றால் தானாகத் திறந்துகொள்ளும் ஒரு சின்ன வால்வு அதில் இருக்கும், அறைக்காற்று அதன் வழியாக உள்ளே வரும். மூக்கு மட்டும் மூடும் வகையில் வாய் எப்போதும் திறந்துதானே இருக்கிறது.

பகலில், உட்கார்ந்தபடி, மாஸ்க் போட்டு மெஷினை ஓடவிட்டு, நீங்களே ஒரு முறை ஆஃப் செய்து பாருங்கள். நாலைந்து மூச்சு விட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். என்ன நடக்கிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும். சோதனைக்கு அது போதும், மெஷின் ஓடாமல் மாஸ்க்கோடு தூங்கக் கூடாது. அடுத்து, இருட்டில் ஒரே கையால் மாஸ்க்கைக் கழற்றப் பழகுங்கள். டியூபைப் பிரிக்கும் கிளிப் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தால், ராத்திரி விழிப்பு வரும்போது பதற்றம் வராது.

இங்கே முக்கியமான ஒரு எச்சரிக்கை. சில மாஸ்க்குகளின் கிளிப்பில் காந்தம் இருக்கும். பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக்க உடலில் பொருத்தும் டிஃபிபிரிலேட்டர், மூளையில் பொருத்திய உலோகக் கிளிப் போன்றவை உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ இருந்தால், காந்தம் இல்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்.

படி 2: பகலில் பழகுங்கள், ராத்திரியில் இல்லை

நாள் முழுக்கக் களைத்து, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு கருவியோடு மல்லுக்கட்டுவதுதான் எல்லோரும் செய்வது. அதைவிட மோசமான நேரம் கிடையாது. இரண்டு ராத்திரி போராடினால் படுக்கையைப் பார்த்தாலே எரிச்சல் வர ஆரம்பித்துவிடும். அப்புறம் மாஸ்க்கோடு சேர்த்துத் தூக்கமும் போய்விடும்.

அதனால் பகலில் தொடங்குங்கள். முதலில் மெஷின் இல்லாமல், பட்டை போடாமல், மாஸ்க்கை மட்டும் கையால் பிடித்து முகத்தில் வைத்துப் பாருங்கள். வேண்டாம் என்றால் அந்த நொடியே எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் பலமே. அது சலித்ததும் டியூபை மாட்டி மெஷினை ஓடவிட்டு, அதே போலக் கையால் பிடித்தபடி மூச்சு விடுங்கள். மூக்கு வகை என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியாகப் பொங்கி வரும், முதல் தடவை ஆளை மிரட்டிவிடும். ஆபத்து ஒன்றும் இல்லை, வாயை மூடியதும் நின்றுவிடும்.

அடுத்ததாகப் பட்டையைப் போட்டு, டிவி பார்த்துக்கொண்டோ எதையாவது படித்துக்கொண்டோ உட்காருங்கள். முதலில் சில நிமிடங்கள், பிறகு அரை மணி, பிறகு ஒரு மணி நேரம். கவனம் வேறு எதிலோ இருக்கும்போது மாஸ்க் இருப்பதே மறந்துபோகும் கட்டம் ஒன்று வரும். அதற்குப் பிறகு மாஸ்க்கோடு ஒரு பகல் தூக்கம். கடைசியில்தான் ராத்திரி.

எப்போது அடுத்த கட்டத்துக்குப் போவது? இந்தக் கட்டம் "போர் அடிக்கிறது" என்று தோன்றும்போது. தேதி பார்த்துப் போக வேண்டாம். சிலர் ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் கடந்துவிடுவார்கள், மூடிய லிஃப்டைக் கண்டாலே வியர்க்கிறவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். இரண்டும் சரிதான். நடுவில் பதற்றம் வந்தால், உள்ளே இழுப்பதை விட்டுவிட்டு வெளியே விடுவதில் கவனம் வையுங்கள். மெதுவாக, நீளமாக, கடைசி வரை விடுங்கள். பதற்றத்தில் நாம் செய்வது அவசர அவசரமாக இழுத்துக்கொண்டே இருப்பதுதான், மூச்சு முட்டும் உணர்வைக் கூட்டுவதும் அதுதான்.

ஆனால் தொடக்க நாள்களை வீணாக்காதீர்கள். முதல் வாரத்தில் விழும் பழக்கம்தான் பெரும்பாலும் பின்னாலும் தொடர்கிறது என்று தூக்க மருத்துவத்தில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். தொல்லை இருந்தால் முதல் வாரத்திலேயே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 3: சரியான வகை மாஸ்க்கா என்று பாருங்கள்

பொதுவாக மூன்று வகை. மூக்கை மூடும் நேசல் மாஸ்க், மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்.

"நான் வாயால் மூச்சு விடுகிறவன், அதனால் ஃபுல் ஃபேஸ்தான்" என்று பலர் அதில் போய் விழுகிறார்கள். என் கருத்தில், வேறு வழி இல்லை என்றால்தான் அதற்குப் போக வேண்டும். முகத்தில் பெரிய பரப்பை அது அடைக்கிறது, அதனால் லீக் ஆக இடமும் அதிகம். அதன் பட்டை கீழ்த்தாடையைப் பின்னால் தள்ளுவதால் சிலருக்குத் தொண்டை இன்னும் குறுகி, கூடுதல் பிரஷர் தேவைப்படும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் மூக்கு வகைகளுக்கே முன்னுரிமை தருகிறது. மூக்கு அடைத்திருப்பதால்தான் வாயால் மூச்சு விடுகிறீர்கள் என்றால், பார்க்க வேண்டியது மூக்கைத்தான். படி 6-ல் அதற்கு வருகிறேன்.

முகத்தை மூடினாலே மூச்சடைக்கிறது என்பவர்களுக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படுக்கையில் படிக்கிறவர்களுக்கும், தாடி மீசை வைத்திருப்பவர்களுக்கும் நேசல் பில்லோ நல்லது. பிரஷர் மிக அதிகமாக இருந்தால் அது துவாரத்தில் உறுத்தலாம். புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு டியூப் உச்சந்தலையில் சேரும் வகை வசதி. பல விற்பனையாளர்கள் குறிப்பிட்ட நாள்களுக்குள் மாஸ்க்கை மாற்றித் தருவார்கள். வாங்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொடுத்த மாஸ்க்கோடு வாழ்ந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படி 4: மாஸ்க்கைப் படுத்துக்கொண்டு பொருத்துங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

கடையிலோ கிளினிக்கிலோ நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் அளவு பார்க்கிறார்கள். ஆனால் நாம் படுத்துத் தூங்குகிறோம். படுத்ததும் கன்னச் சதை பின்னால் சரியும், முகத்தின் வடிவமே கொஞ்சம் மாறும். பல் செட் கழற்றிவிட்டுத் தூங்குபவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் அதிகம். எனவே ராத்திரி எந்த நிலையில் தூங்குவீர்களோ அதே நிலையில், பல் செட் கழற்றியபடி, அதே தலையணையில் படுத்து, மெஷினை ஓடவிட்டுப் பொருத்த வேண்டும். மாஸ்க்கைப் பொருத்திப் பார்ப்பதற்கென்றே முழு பிரஷரில் சிறிது நேரம் ஓடும் வசதி பல மெஷின்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். குறைந்த பிரஷரில் கச்சிதமாக இருக்கும் மாஸ்க் பின்னிரவில் பிரஷர் ஏறும்போது பிய்த்துக்கொள்ளும்.

பட்டைகளை முழுக்கத் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். மாஸ்க்கை முகத்தில் வைத்து, காற்று வந்ததும் அதை முகத்திலிருந்து ஒரு விரல்கடை முன்னால் இழுத்து, மறுபடி மெல்ல உட்கார விடுங்கள். இப்போது ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிகான் மடிப்பு ஊதிய பலூன் மாதிரி விரிந்து தோலோடு படியும். காற்றை அடைப்பது அந்த விரிந்த மடிப்புதான், பட்டையின் இறுக்கம் இல்லை. பட்டையை இழுத்து இறுக்கினால் மடிப்பு நசுங்கிச் சுருங்கி, சுருக்கம் விழுந்த இடத்தில் 'உஸ்' என்று காற்று கிளம்பும். உடனே இன்னும் இறுக்குவோம், லீக் இன்னும் கூடும். காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தடம் இருந்தும் ராத்திரி முழுக்க லீக் ஆகியிருக்கிறது என்றால் இதுதான் காரணம். அந்த நிலையில் ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள், பலருக்கு லீக் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு பக்கப் பட்டைகளையும் ஒரே நேரத்தில், சம அளவில், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் சிரமம் இல்லாமல் நுழைய வேண்டும். பிறகு இடது பக்கம், வலது பக்கம் திரும்பிப் படுத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று கண்ணை நோக்கி அடித்தால் மேல் பட்டையையோ நெற்றித் தாங்கியையோ சரிசெய்யுங்கள். உதட்டுக்கு மேல் கசிந்தால் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். எங்கே இழுத்தாலும் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திறக்கிறது என்றால், குஷன் (முகத்தில் படியும் சிலிகான் பகுதி) அளவே தவறு. அநேகமாக ஒரு அளவு பெரியதாக இருக்கும்.

படுக்கப் போகும் முன் முகத்தைக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசையும் கிரீமும் இருந்தால் சிலிகான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். தாடி வைத்திருப்பவர்கள் மாஸ்க் படியும் விளிம்பை மட்டும் மழித்தால்கூடப் போதும். தோல் புண்ணாகிறது என்றால் துணி லைனர் உதவும். தோல் கிழிந்தே விட்டால் அதன் மேல் மாஸ்க்கைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள், அந்த இடத்தைத் தொடாத வேறு வகைக்குத் தற்காலிகமாக மாறலாம்.

படி 5: காற்று அதிகமா, குறைவா?

இரண்டும் ஒரே மாதிரி "மூச்சு முட்டுகிறது" என்றுதான் தோன்றும். பிரித்தறிய வேண்டும்.

மூச்சை வெளியே விடும்போது எதிர்க்காற்றைத் தள்ளுவது போல இருந்தால், வெளிமூச்சின்போது மட்டும் பிரஷரைக் குறைக்கும் வசதி உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். ரெஸ்மெட் மெஷினில் இதற்கு இபிஆர் என்றும், பிலிப்ஸில் சி-ஃப்ளெக்ஸ் என்றும் பெயர். 1 முதல் 3 வரை அளவு இருக்கும். நோயாளியே மாற்றிக்கொள்ளும்படி சில மெஷின்களில் திறந்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கிளினிக்கில் கேட்க வேண்டும்.

படுத்த உடனே காற்றின் வேகம்தான் தொந்தரவு என்றால் ரேம்ப் என்ற வசதியைப் போடுங்கள். குறைந்த பிரஷரில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏறும். தூங்கிவிட்டீர்களா என்று பார்த்து அதற்குப் பிறகே ஏற்றும் மெஷின்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தானாகப் பிரஷரை மாற்றிக்கொள்ளும் மெஷினைச் சில இடங்களில் 4 முதல் 20 வரை அப்படியே திறந்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பெரியவர்கள் பலருக்கு 4 என்பது போதவே போதாது. காற்று பற்றாமல் இழுத்து இழுத்து மூச்சு விடுவோம். அது மாஸ்க் மேல் இருக்கும் பயம் என்று தவறாக நினைத்துக்கொள்வோம். ரேம்ப் நேரத்தில்தான் திணறல், பிரஷர் ஏறியதும் நிம்மதி என்றால் உங்கள் நிலை இதுவாக இருக்கலாம். "ஆரம்ப பிரஷரைக் கொஞ்சம் ஏற்ற முடியுமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மேல் அளவையும் அவர் உங்கள் ரிப்போர்ட் பார்த்துச் சுருக்கலாம்.

படி 6: மூக்கு, வாய், ஈரம்

அடைத்த மூக்கோடு சிபேப் போடுவது பெரும் பாடு. படுக்கப் போகும் முன் உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவுவது பலருக்குப் போதும். அலர்ஜி என்றால் டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதித் தருவார். மூக்கடைப்பை உடனே திறக்கும் ஸ்ப்ரேக்களை மட்டும் மூன்று நாளுக்கு மேல் தொடராதீர்கள், நிறுத்தும்போது அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். எதுவுமே கேட்கவில்லை என்றால், மூக்கின் நடுச்சுவர் வளைந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை நிபுணர் பார்க்கட்டும்.

காலையில் வாய் வறண்டிருந்தால் ராத்திரி வாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மூக்கில் போன காற்று வாய் வழியாக வெளியேறிப் போகும் வழியில் எல்லாவற்றையும் உலர்த்திவிடுகிறது. பக்கத்தில் படுப்பவர் "பொஃப், பொஃப்" என்று சத்தம் கேட்டதாகச் சொல்வார். முதலில் மூக்கைச் சரிசெய்யுங்கள், பிறகு ஈரத்தைக் கூட்டுங்கள். அதற்கும் மேல் என்றால் தாடையைத் தாங்கும் பட்டை இருக்கிறது. அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் அப்போது ஃபுல் ஃபேஸ். வாயில் டேப் ஒட்டிக்கொள்வது பற்றி நிறையப் பேசுகிறார்கள். மூக்கடைப்போ, ராத்திரியில் வாந்தி வரும் வாய்ப்போ உள்ளவர்களுக்கு அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

மெஷினோடு வரும், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை நடு அளவில் வைத்துத் தொடங்குங்கள். மூக்கு எரிந்தால், உலர்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள். டியூபில் களகளவென்று தண்ணீர்ச் சத்தம் கேட்டாலோ, முகத்தில் நீர் சொட்டினாலோ, சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் நீராக மாறுகிறது என்று பொருள். ஈரத்தை ஒரு படி இறக்கலாம், டியூபுக்குத் துணியுறை போடலாம், சூடேறும் டியூப் வாங்கலாம். மெஷின் எப்போதும் தலையைவிடத் தாழ்வான இடத்தில் இருக்கட்டும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கொதிக்க வைத்த தண்ணீரில் உப்புகள் அப்படியேதான் இருக்கும், தொட்டியில் வெள்ளையாகப் படியும்.

படி 7: சின்னச் சின்னவை

வயிறு உப்பிக் காலையில் ஏப்பமாக வருகிறதா? காற்றை விழுங்குகிறீர்கள். ஒருக்களித்துப் படுங்கள், தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்துங்கள், படுக்கும் முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள். குறையவில்லை என்றால் பிரஷரைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும்.

டியூப் கழுத்தில் சுற்றுகிறது என்றால், தலைமாட்டில் உயரமாக ஒரு கொக்கி மாட்டி அதன் வழியாக இறக்குங்கள். சத்தம் தொந்தரவு என்றால், இப்போதைய மெஷின்களில் சத்தம் பெரும்பாலும் லீக்கில் இருந்தும், அழுக்கேறிய ஃபில்டரில் இருந்தும்தான் வரும்.

படி 8: ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால்

மாஸ்க் கழன்று தலையணைப் பக்கத்தில் கிடக்கும், எப்போது கழற்றினோம் என்றே நினைவிருக்காது. தொடக்கத்தில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். விழித்த நேரத்தில் திரும்பப் போட்டுக்கொண்டு படுங்கள். பல மெஷின்களில் மாஸ்க் கழன்றால் ஒலி எழுப்பும் வசதி இருக்கிறது, வேண்டுமானால் அதை ஆன் செய்துகொள்ளலாம்.

"நாலு மணி நேரம் போட்டாயிற்று, இன்றைக்குப் போதும்" என்று பின்னிரவில் எடுத்து வைத்துவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனவுகள் மிகுந்த ரெம் தூக்கம் விடியலை ஒட்டிய மணிகளில்தான் அதிகம். அந்த நேரத்தில் தசைகள் இன்னும் தளர்வதால் பலருக்கு ஆப்னியா உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நாலு மணி நேரம் என்பது பயன்பாட்டைக் கணக்கிடக் காப்பீட்டுக்காரர்களும் ஆய்வாளர்களும் வைத்துக்கொண்ட ஒரு கோடு, சிகிச்சையின் இலக்கு அது இல்லை. தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதுதான் இலக்கு, பகல் தூக்கமும் சேர்த்துத்தான்.

மாஸ்க் போட்டு அரை மணி நேரமாகியும் தூக்கம் வராமல் எரிச்சல் ஏறுகிறதா? எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள், தூக்கம் வந்ததும் திரும்பி வந்து மாஸ்க்கோடு படுங்கள். படுக்கையில் கிடந்து மல்லாடக் கூடாது. தூக்கம் வரட்டும் என்று மது குடிப்பது வேண்டவே வேண்டாம், அது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையும் டாக்டர் தெரிந்து கொடுத்தால் மட்டுமே. பகலில் தூக்கம் சொக்கும் நிலை மாறும் வரை வண்டி ஓட்டுவதைத் தவிருங்கள்.

படி 9: மெஷின் காட்டும் எண்களைப் படியுங்கள்

காலையில் மூன்றை மட்டும் பாருங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு லீக், ஏஹெச்ஐ எவ்வளவு. ஏஹெச்ஐ 5-க்குக் கீழே வந்திருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. ரெஸ்மெட் மெஷின்களில் லீக் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வேறு சில மெஷின்கள் மாஸ்க் துளைகளில் இயல்பாகப் போகும் காற்றையும் சேர்த்துக் காட்டும், அவற்றின் எண் பெரிதாகத் தெரிவதைக் கண்டு பதற வேண்டாம். ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஒரு வாரப் போக்கைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாஸ்க்கையும் ஈரத்தையும் ரேம்ப்பையும் ஒரே ராத்திரியில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

லீக் சரியாக இருந்தும் ஏஹெச்ஐ இறங்கவில்லை என்றால் அதை டாக்டர் பார்க்க வேண்டும். சிலருக்குச் சிபேப் தொடங்கிய பிறகு வேறு வகை ஆப்னியா தலைகாட்டும். பாதை திறந்திருந்தும் மூச்சு விடும்படி மூளையிலிருந்து உத்தரவு வராமல் போவது அது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கும், அடங்காவிட்டால் மெஷின் வகையை மாற்ற வேண்டிவரும்.

சுத்தம்

மாஸ்க் குஷனைத் தினமும் ஈரத்துணியாலோ மென்மையான சோப்பு நீராலோ துடையுங்கள். தொட்டியில் மீந்த தண்ணீரைக் காலையில் கொட்டிக் காயவிடுங்கள். டியூபையும் பட்டையையும் வாரம் ஒரு முறை கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்றுங்கள். குஷன் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் எத்தனை பொருத்தினாலும் லீக் நிற்காது, அது மாற்ற வேண்டிய பொருள். ஓசோன், புற ஊதா ஒளி போன்றவற்றால் சுத்தம் செய்வதாக விற்கும் பெட்டிகள் தேவையில்லை. அவற்றுக்குத் தன் ஒப்புதல் இல்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் எச்சரித்தது.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால்

தூக்கமின்மையும் ஆப்னியாவும் சேர்ந்தே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருப்பவர்கள் நிறைய. மாஸ்க்கைக் குறை சொல்வார்கள், ஆனால் மாஸ்க் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தூக்கம் வந்ததில்லை. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையைத் தனியாக எடுத்துக்கொண்டால் மாஸ்க்கும் எளிதாகலாம்.

மாற்று வழிகளும் இருக்கின்றன. லேசான, நடுத்தர ஆப்னியாவுக்குக் கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் வாய்க்கருவியைப் பயிற்சி பெற்ற பல் மருத்துவர் செய்து தருவார். மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருகிற ஆப்னியாவுக்கு ஒருக்களித்தே படுக்க வைக்கும் பட்டைகள் உண்டு. நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை அறுவை செய்து பொருத்துவதற்கு எஃப்டிஏ 2014-ல் அனுமதி தந்தது, அது எல்லோருக்கும் பொருந்தாது. உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எடை குறைவது பலருக்கு ஆப்னியாவையும் குறைக்கும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும்.

இவற்றில் எதற்கு மாறினாலும், மாறிய பிறகு ஒரு தூக்கப் பரிசோதனை செய்து ஏஹெச்ஐ உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை நின்றதை மட்டும் வைத்து நம்ப முடியாது. அந்த ரிப்போர்ட் வரும் வரை, எத்தனை மணி நேரம் முடிகிறதோ அத்தனை மணி நேரம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டிருங்கள்.